ரப்பரும் எழுத்தும்: கெடாவில் தமிழ் அச்சின் கருவிகளும் வடிவங்களும்

ஆப்செட் என்று நாம் வழங்கும் அச்சுமுறையில் எழுத்து நேராகத் தாளில் பதிவதில்லை. தகட்டில் ஏற்றிய மை முதலில் ஓர் உருளையைச் சுற்றிப் போர்த்திய ரப்பர் விரிப்பின்மேல் இறங்குகிறது. அங்கிருந்தே தாளுக்குச் செல்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் அச்சுத்தொழில் செய்துவந்த ஐரா ரூபல் 1904ஆம் ஆண்டளவில் இதனைக் கண்டார். ஒருமுறை தாள் உள்ளே செல்லத் தவறியது. மை ரப்பர் உருளையில் பதிந்தது. அடுத்து வந்த தாளின் பின்புறத்தில் அதே உரு, நேராகப் பதிந்ததைவிடத் தெளிவாக விழுந்தது. ரப்பர் நெகிழ்ந்து தாளின் மேடுபள்ளங்களைத் தழுவிக்கொள்வதே அதற்குக் காரணம். தொடக்கத்தில் அவ்விரிப்புகள் இயற்கை ரப்பரால் ஆனவை. எண்ணெய் கலந்த மையால் அவை ஊதிப்போகும் குறை இருந்தமையால் பின்னர்ச் செயற்கை ரப்பர் அவ்விடத்தைப் பெற்றது.

கெடாவில் பெருந்தோட்டங்கள் எழுந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். 1909ஆம் ஆண்டின் பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் பாதுகாப்பின்கீழ் வந்தது. 1915இல் தொடர்வண்டிப் பாதை அலோர்ஸ்டாரை எட்டியது. பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் காடு அழிந்து ரப்பர் மரம் வரிசை பிடித்தது. உலகம் வேண்டிய ரப்பருக்காக இங்கே மரம் சீவியவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். அவர்களுடைய மொழி இந்த மண்ணில் எந்தக் கருவியால் எழுதப்பட்டது, எந்த வடிவில் பெருகியது என்பதே இவ்வுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கெடாவைப் பற்றிய நம் உரைகள் பெரும்பாலும் கடாரத்தில் தொடங்கும். இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும். பிறகு ஒரே தாவலில் இன்றைய பள்ளிக்கூடத்திற்கு வந்துவிடும். இடையிலுள்ள தாள்களை எவரும் புரட்டுவதில்லை. பழமையைத் தொடவே கூடாது என்பதன்று நம் கருத்து. 1834இல் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி, முன்பு கெடாவின் பகுதியாக இருந்த செபராங் பிறையின் வடபால் ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் கடலோடித் தலைவனின் பெயரைத் தாங்கிய அக்கல் ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டினது. இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. நடுவில் அடுக்குக் குடைகளோடு ஒரு தூபி கோட்டுருவாகக் கீறப்பட்டிருக்கிறது. அதைச் சூழத் தென்னிந்திய எழுத்தில் வடமொழி வாசகம் ஓடுகிறது. படத்துக்கும் எழுத்துக்கும் ஒரே பரப்பில் இடம் வகுத்துத் தரும் கலையை வடிவமைப்பு என்கிறோம். அவ்வகையில் இவ்வட்டாரத்தின் மிகப் பழைய வடிவமைப்பாளர், பெயர் தெரியாத அந்தக் கல்தச்சரே.

தமிழ் எழுத்து உலோக அச்சுக்குள் புகுந்த கதை மாணவர் அறிந்ததே. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. 1713இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நிறுவினார். செருமனியின் ஹாலே நகரில் வார்த்தனுப்பிய எழுத்துகள் உருவிற் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. சிறிய எழுத்துகளை அங்கேயே வார்க்க நேர்ந்தது. எழுத்தின் அழகைத் தாளின் விலை முடிவுசெய்த முதல் நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. பிற்காலத்து மலாயாவிலும் இக்கணக்கு மாறவில்லை.

மலாயாத் தமிழ் அச்சு துறைமுகங்களில் தொடங்கியது. நாகூர் குலாம் காதிறு நாவலர் 1883இல் பினாங்கிலிருந்து ‘வித்தியா விசாரினி’யை வெளியிட்டார். சிங்கப்பூரில் மகுதூம் சாயுபுவின் தீனோதய யந்திரசாலை 1887இல் ‘சிங்கை நேச’னைத் தொடங்கியது. அதே ஆண்டில் அதே சாலையில் சதாசிவ பண்டிதரின் சித்திரகவிகளும் அச்சாயின. சித்திரகவி என்பது எழுத்துகளைத் தேராகவும் பாம்பாகவும் தாமரையாகவும் அமைத்துக் காட்டும் பாவகை. நேர்வரிசைக்கென்றே வார்த்த ஈய எழுத்துகளை வளைந்தோடும் கட்டங்களுக்குள் நிறுத்துவது அச்சுக்கோப்பவருக்கு எத்துணைத் தொல்லை என்பதை அத்தொழில் தெரிந்தவர் உணர்வர். மலாயாத் தமிழ் அச்சு அதன் இளமையிலேயே இத்தகைய வேலைக்குத் துணிந்தது என்பதை நாம் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை.

கெடாத் தோட்டங்களுக்கு அச்சு ஒரு வரவுப் பொருளாகவே வந்து சேர்ந்தது. கோலாலம்பூரில் 1924இல் ‘தமிழ் நேசன்’ தோன்றியது. சிங்கப்பூரில் 1935இல் ‘தமிழ் முரசு’ தோன்றியது. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் ஏடுகளாக அவை தோட்டங்களில் வழங்கின. மற்றபடி தொழிலாளி அன்றாடம் கண்ட அச்சுத்தாள் அலுவலகத்துச் செக்ரோல். அதன் கட்டங்களுக்குள் அவர் பெயரை எழுதியவர் கிராணி. படம் என்றால் நாட்காட்டி. இரவி வர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய கல்லச்சுக்கூடம் தெய்வ உருவங்களைப் பல வண்ணத்தில் வீடுதோறும் கொண்டுசேர்த்த வழியைத் திறந்தது. பின்னர்க் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர்தம் மாணவர்களும் வரைந்த முருகனும் இலக்குமியும் சிவகாசி அச்சகங்களின் வழி தமிழர் வாழுமிடமெல்லாம் பரவினர். கடைக்காரரின் பெயரைக் கீழே தாங்கி, லயத்துச் சுவரில் ஆண்டு முடிந்த பின்னும் தொங்கிய அந்தப் படமே பல வீடுகளில் பூசைப் படமாயிற்று. விளம்பரம் வழிபாட்டுப் பொருளாக மாறிய இந்த நிகழ்வைக் கலை வரலாற்றாசிரியர் இன்னும் விரிவாக எழுத வேண்டும்.

இனி, தோட்டமும் சிறுநகரமும் தாமே செய்துகொண்டவற்றுக்கு வருவோம்.

ஈய எழுத்துகளால் ஓர் அச்சகம் நடத்தப் பெரும் முதல் வேண்டும். தமிழில் உகர, ஊகார உயிர்மெய்களுக்கு மட்டுமே 36 தனி வடிவங்கள் தேவை. ஆங்கிலத்துக்குப் பெரியதும் சிறியதுமாக 52 எழுத்துகள் போதும் என்பதோடு இதனை ஒப்பிட்டால் தமிழ் அச்சுக்கோப்பவரின் முன் இருந்த பெட்டியின் அகலம் புலப்படும். ஒரு தோட்டத்துக் கோயிலோ, இளைஞர் மன்றமோ, பள்ளியோ இதை நினைத்தும் பார்க்க இயலாது. அவர்களுக்கு வாய்த்தவை மூன்று: கையெழுத்து, மெழுகுத்தாள், தூரிகை.

தட்டச்சுப்பொறி ஒரு பாலமாக வந்தது. இதில் மலாயாவுக்கு ஒரு தனிப்பங்கு உண்டு. தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கிய யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா 1907இல் மலாயாவுக்கு வந்து, 1930 வரை இங்கே வணிக நிறுவனத்தில் பணிபுரிந்தவர். அவர் வகுத்த அமைப்பில் பொறி செருமனியில் செய்யப்பட்டது. புள்ளிக்கு நகரா விசை என்பது அவ்வமைப்பின் நுட்பம்: அவ்விசையை அழுத்தினால் புள்ளி பதியும், தாள் நகராது, அடுத்த எழுத்து அதன் கீழே வந்து அமரும். எழுதும்போது மெய்யை எழுதிப் பின்னர்ப் புள்ளி வைக்கும் நம் கை, பொறியின்முன் புள்ளியை முதலில் இடக் கற்றுக்கொண்டது. அன்றியும் ‘ர’வும் ‘ண’வும் ஒரே அகலத்துக்குள் அடங்க வேண்டியிருந்தன. ஒன்று நீட்டப்பட்டது; மற்றொன்று நெருக்கப்பட்டது. தட்டச்சுத் தமிழின் முகம் இந்தக் கட்டாயத்தால் அமைந்ததாகும்.

தமிழ்த் தட்டச்சுப்பொறி எல்லாப் பள்ளிக்கும் கிட்டவில்லை. மெழுகு பூசிய தாளில் கூர்முனைக் கோலால் கையாலேயே எழுதி, கெஸ்டெட்னர் உருளையில் பொருத்திச் சுற்றுவதே ஆசிரியர் பலருடைய வழக்கமாயிற்று. கோல் கீறிய இடத்தில் மெழுகு விலகும். மை அவ்வழியே கசிந்து தாளில் பதியும். ஓலையில் எழுதிய நம் முன்னோரின் சிக்கல்கள் யாவும் இங்கே திரும்பி வந்தன. கோலை மெல்ல அழுத்தினால் கோடு பதியாது. வன்மையாக அழுத்தினால் தாள் கிழியும். ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிகள் நெருங்கினால் நடுப்பகுதி பெயர்ந்து எழுத்து கருங்குழம்பாகும். புள்ளியோ சிறு துளையாகவே மாறிவிடும். ஆகவே மெழுகுத்தாளில் எழுதத் தெரிந்த ஆசிரியரின் எழுத்து சற்றுப் பெரிதாக, சுழிகள் திறந்து, வரிகளுக்கிடையே இடம் விட்டு அமையும். தேர்வுத்தாள், பள்ளி இதழ், கோயில் வரவுசெலவு அறிக்கை, மன்றக் கூட்ட அழைப்பு என இக்கருவியால் பெருகியவை மிகப் பல. ஓரத்தில் பூக்கொடியும் தலைப்பில் குத்துவிளக்கும் வரைந்தவரும் அதே ஆசிரியராகவே இருந்தார். எழுத்தாளர், ஓவியர், அச்சர், பிழைதிருத்துநர் ஆகிய நால்வரும் அங்கே ஒருவரே.

கையெழுத்து ஏடுகளையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். தமிழகத்திலும் மலாயாவிலும் மாணவர் மன்றங்கள் ஒரே படியாக எழுதி, கைமாற்றிப் படித்த ஏடுகள் அவை. ஒரு படிதான் உண்டு என்பதால் அட்டை ஓவியத்துக்கு வண்ணம் தாராளமாகச் செலவிட முடிந்தது. அச்சகத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் தகடும் தனிக் கூலியும் ஆகும். வறுமை மிகுந்த இடத்தில் வண்ணம் மிகுந்திருந்தது என்பது முரண்போலத் தோன்றினும் கருவியின் கணக்குப்படி அது இயல்பே.

தூரிகை எழுத்துக்குத் தனி உரை வேண்டும். கடைப்பலகை, கோயில் முகப்பு, நாடகத் திரை, திருவிழாத் துணி ஆகியவற்றில் ஒவ்வோர் எழுதுநரும் ஒவ்வொரு நெளிவை வைத்திருந்தார் என்பதை மட்டும் இங்குக் குறித்துச் செல்கிறோம்.

இதற்கிடையே எழுத்தே மாறியது. பெரியார் 1930களில் வலியுறுத்திய சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. ‘ணை, லை, ளை, னை’, ‘ணா, றா, னா’ முதலான 13 எழுத்துகள் தம் பழைய உருவை விட்டன. மலேசியாவும் சிங்கப்பூரும் இதனை ஏற்றன. அச்சுக்கூடத்துக்கும் தட்டச்சுக்கும் இது சுமைக் குறைப்பு. வரலாறு பயில்வோர்க்கோ இது காலம் காட்டும் கருவி: நாள் குறிக்காத ஓர் அறிவிப்பில் துதிக்கை வைத்த பழைய ‘லை’ நின்றால் அதன் வயதை ஓரளவு கணிக்கலாம். எச்சரிக்கையும் வேண்டும். பழைய ஈய எழுத்துகளை வைத்திருந்த அச்சகம் ஆணை பிறந்த மறுநாளே அவற்றை உருக்கிவிடாது.

கணினி வந்தபோது நிலைமை ஒருவகையில் தலைகீழாயிற்று. 1985இல் பேஜ்மேக்கர் மென்பொருள் பக்க வடிவமைப்பை மேசைமேல் கொண்டுவந்தது. அதே ஆண்டில் மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். எழுத்தை இறக்குமதி செய்துவந்த நாடு எழுத்துருவை ஏற்றுமதி செய்தது. அவருடைய தமிழ் எழுத்துருக்கள் இன்று ஆப்பிள் கருவிகளில் உலகெங்கும் உள்ளன. தொடக்கத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியீட்டு முறை கொண்டிருந்தது. ஒரு கணினியில் தட்டிய அழைப்பிதழ் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. 1999இல் சென்னையிலும் 2001இல் கோலாலம்பூரிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகளின் பெருங்கவலைகளுள் இதுவும் ஒன்று. யூனிகோடு பரவியபின் அத்தொல்லை நீங்கியது.

நீங்காத தொல்லை ஒன்றுண்டு. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம். யூனிகோட்டில் ‘கெ’ என்பது ககரத்தை முதலிலும் ஒற்றைக் கொம்பைப் பின்னும் வைத்துச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னால் நிற்க வேண்டும். இடம் மாற்றும் அவ்விதியை அறியாத வடிவமைப்பு மென்பொருள் கொம்பைத் தவறான இடத்தில் நிறுத்திவிடும். தமிழறியாத வடிவமைப்பாளர் அதனைக் காணார். பொது இடங்களின் பதாகைகளில் கொம்பு சிதறிய தமிழைக் காணும்போது நாம் மொழிபெயர்த்தவரையே பழிக்கிறோம். பல வேளைகளில் குற்றம் கடைசிப் படியில், எழுத்து பதாகையில் ஏறிய இடத்தில், நிகழ்ந்தது. இன்று சொல்லைக் கொடுத்தால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் தமிழ் எழுத்தைச் சிதைத்துத் தருவது உண்டு. பொங்கல் வாழ்த்துகளில் அதைக் காணலாம். தூரிகை பிடித்தவர் எழுத்தைக் கோணலாக எழுதியிருக்கலாம். இல்லாத எழுத்தை எழுதியதில்லை.

இழப்பின் அளவையும் கூற வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அது முதலில் வாங்கியது. தொழிலாளர் தம் பங்குத்தாளைத் தகரப்பெட்டியில் காத்தனர். திருவிழா அறிவிப்பையோ பள்ளி இதழையோ அவ்வாறு காக்கக் காரணம் இருக்கவில்லை. தோட்டம் கைமாறி லயம் இடிபட்டபோது அவை போயின. 2013இல் சுங்கை பத்துத் தோட்ட நிலத்தில் ஆயிரம் ஆண்டுப் பழைமை கருதப்படும் ஒரு சண்டியே நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது. கல்லுக்கே அந்நிலை எனில் மெழுகுத்தாள் எம்மாத்திரம்? மேலும் மெழுகுத்தாள் படியெடுத்து முடிந்ததும் மையோடு எறியப்படுவது. மூலப்படி என்று ஒன்று மிஞ்சுவதே இல்லை.

மிஞ்சிய தாள்கள் சில வீடுகளிலும் கோயில் அலமாரிகளிலும் இருக்கின்றன. அவற்றைத் திரட்டும் மாணவர்க்கு ஒரு குறிப்பு. அச்சகங்கள், பதிப்புகள் பற்றிய 1984ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் வெளியீட்டில் இடம்பெற வேண்டும் என்கிறது. திருவிழா அறிவிப்புகளில் அது பெரும்பாலும் அடியில், எல்லா எழுத்தினும் சிறிய எழுத்தில் நிற்கும். தாளை மடிக்கையில் முதலில் தேய்வதும் அதுவே. பினாங்குக்குச் சென்ற வேலை எப்போது சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் வந்தது, தோட்டத்துக் கோயில் யாரிடம் அச்சிட்டது என்பவற்றை அந்த ஒரு வரியைத் தோட்டவாரியாக, ஆண்டுவாரியாக அடுக்கித்தான் அறிய முடியும்.