களி, முத்தெ, சங்கடி: கோலார் தங்கவயலின் அன்றாட உணவுப் பெயர்கள்

கோலார் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்புகளில் மாலைப்பொழுதில் அடுப்பிலிருந்து இறங்கிய கேழ்வரகு உணவு ஒன்றே. அதன் பெயர்கள் மூன்று. தமிழர் அதனைக் களி என்றனர். கன்னடர் முத்தெ என்றனர். தெலுங்கர் சங்கடி என்றனர். பண்டிகைப் பலகாரங்களின் பெயர்கள் ஆய்வாளரை ஈர்த்த அளவுக்கு இத்தகைய எளிய உணவின் பெயர்கள் ஈர்த்தில. ஆயினும், ஒரு மக்கட்கூட்டம் எங்கிருந்து வந்தது, யாரோடு வாழ்ந்தது, எப்பொழுது மாறியது என்பனவற்றை விருந்துச் சொற்களைவிட அன்றாடச் சொற்களே நன்கு காட்டுகின்றன. அவற்றை ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிடும்போது அச்சான்றுகள் மறைந்துபோகின்றன.

ஜான் டெய்லர் குழுமம் 1880இல் இங்குச் சுரங்கப் பணியை ஏற்றபின் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையாக வந்து குடியேறினர். அவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்தான். அதற்கு முன் அதன் பெரும்பகுதி வட ஆர்க்காட்டில் அடங்கியிருந்தது. எனவே தங்கவயலுக்கு வந்த தமிழ், தெலுங்கோடு எல்லை பகிர்ந்து பழகிய தமிழாகும். வந்து சேர்ந்த இடமோ கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் நிலம். மேற்பார்வைப் பணிகளில் ஆங்கிலேயரும் ஆங்கிலோ இந்தியரும் இருந்தனர். சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பணி நின்றது. சாம்பியன் ரீப் சுரங்கம் அதற்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியிருந்தது. இத்தொழிலாளர் எழுத்தறியாக் கூட்டத்தினர் அல்லர். அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின்னர் ஜி. அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து நடத்தப்பெற்றது. அவருடைய நூல்களைச் சித்தார்த்த புத்தகசாலை இங்கிருந்து வெளியிட்டது. அச்சேறிய இத்தமிழின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. அடுக்களைத் தமிழின் வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.

தானியத்தின் பெயரை முதலில் நோக்கலாம். கேழ்வரகு என்பதன் முதற்பகுதியாகிய கேழ், பழந்தமிழில் நிறம் எனப் பொருள்படும். கிழக்கு ஆப்பிரிக்காவில் முதன்முதல் பயிராக்கப்பட்டதெனக் கருதப்படும் இத்தானியம் தமிழகத்துக்கு வந்தபோது, ஏற்கெனவே அறிந்திருந்த வரகின் பெயரோடு ஓர் அடைமொழி சேர்த்துப் பெயரிடப்பட்டது போலும். வட மாவட்டப் பேச்சில் இச்சொல் கேவுரு எனத் தேய்ந்தது. தென் மாவட்டங்களில் கேப்பை என்றாயிற்று. கன்னடம் ராகி என்கிறது. சேலம், தருமபுரிப் பகுதித் தமிழருக்கும் ராகி பழகிய சொல்லே. ஆதலின் தங்கவயல் தமிழர் ஒருவர் ராகி எனக் கூறுவதைக் கேட்டவுடனே அது கன்னடத் தாக்கம் என முடிவு கட்டுதல் பொருந்தாது. அவருடைய பாட்டனார் ஊரிலிருந்தே கொண்டுவந்த சொல்லாகவும் அது இருக்கலாம்.

உணவின் பெயர்களுக்கு வருவோம். களி என்பது குழைவு என்னும் பதத்தால் அமைந்த பெயர்; களிமண் என்பதிலும் இதே பொருளே உள்ளது. முத்தெ என்பது வடிவத்தால் அமைந்த பெயர்; உருண்டை, கட்டி என்பன அதன் பொருள். தெலுங்கிலும் முத்த என்றால் உருண்டையே. ஆனால் இராயலசீமைத் தெலுங்கர் இவ்வுணவுக்குச் சங்கடி என்னும் வேறொரு சொல்லை வைத்துக்கொண்டனர். செய்முறையிலும் வேறுபாடு உண்டு. வட ஆர்க்காட்டுக் களியிலும் இராயலசீமைச் சங்கடியிலும் கொதிநீரில் முதலில் அரிசி நொய்யை வேகவிட்டு, அதன்மேல் மாவைக் கொட்டித் துடுப்பால் கிளறுவது பெருவழக்கு. மைசூர்ப் பகுதி முத்தெயில் பெரும்பாலும் மாவு மட்டுமே. ஆகவே களியும் சங்கடியும் சொல்லால் வேறாயினும் பானைக்குள் உறவுடையவை. ஆங்கிலத்தில் இதனை உருண்டை எனப் பொருள்படும் சொல்லால் பெயர்ப்போர் கன்னடப் பெயரையே பெயர்க்கின்றனர். தமிழ்க் கதையில் வரும் களிக்கு அது நேர் ஆகாது. துழாவும் கையும் குழையும் மாவும் அதில் இல்லை.

களிக்குத் தொட்டுக்கொள்ள வரும் குழம்புப் பெயர்களில் மூன்று மொழிகளின் உறவு இன்னும் தெளிவாகத் தெரியும். ஏறத்தாழக் கி.பி. 10ஆம் நூற்றாண்டிலிருந்து கன்னடத்தில் மொழிமுதற் பகரம் படிப்படியாக ஹகரமாயிற்று. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் புளி, கன்னடத்தில் ஹுளி. இச்சொல் அங்குப் பருப்பும் காயும் இட்ட குழம்புக்கே பெயராகிவிட்டது. தெலுங்கின் புலுசும் அவ்வேரினதே. தமிழில் மட்டும் புளிக்குழம்பு என இன்னொரு சொல்லைச் சேர்த்தே கூறவேண்டியுள்ளது. அவ்வாறே தமிழில் ஆவியில் வெந்த மாவுப் பண்டமாகிய பிட்டு, கன்னடத்தில் ஹிட்டு என ஒலிமாறி, மாவையும் நாட்டுப்புறத்தில் முத்தெயையுமே குறிக்கிறது. வடமொழிப் பிஷ்டம் என்பதோடு இதனைத் தொடர்புபடுத்துவர்.

இவற்றுள் மிகச் சுவையான சான்று, மார்கழி தை மாதங்களில் பச்சை அவரை மலியும்போது கிடைப்பது. விதையை ஊறவைத்து, விரல்களுக்கிடையே பிதுக்கித் தோலை நீக்கிச் சமைக்கும் பருப்பைத் தமிழர் பிதுக்குப் பருப்பு என்பர். கன்னடர் ஹிதுக்கித பேளெ என்பர். விரலின் செயல் ஒன்று, வேர்ச்சொல் ஒன்று, முதலெழுத்து மட்டுமே வேறு. ஓர் அடித்தளத் திராவிட ஒலிவிதியை மாணவர்க்குக் கற்பிக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

மறுநாட் காலையின் பெயர்களும் நோக்கத்தக்கன. இரவில் நீரூற்றி வைத்த சோற்றைத் தமிழ் பழையது என்கிறது. இது வயதைச் சுட்டும் பெயர். கன்னடம் தங்களன்ன என்கிறது. தங்குதல் என்னும் வினையடியாகப் பிறந்த அப்பெயர் இரவு தங்கியதைச் சுட்டும். தெலுங்கில் சத்தி அன்னம். மீந்த களியையும் மோரில் கரைத்துக் குடிப்பதுண்டு. அதற்குத் தனிப்பெயர் இல்லை; கரைத்துக் குடித்தல் என்னும் வினையே பெயராக நிற்கிறது. அகராதி தொகுப்போர் பெயர்ச்சொல்லையே தேடிச் செல்வதால் இத்தகைய உணவுகள் அவர்தம் வலையில் சிக்குவதில்லை.

சோறு என்னும் சொல்லின் வரலாறு வேறுவகையானது. கேழ்வரகே அன்றாட உணவாயிருந்த வட மாவட்ட உழைக்கும் குடும்பங்களில் அரிசிச் சோற்றுக்கு நெல்லுச்சோறு என அடை கொடுத்துக் கூறுவது வழக்கம். அடை பெற்ற சொல் அரிய பொருளைக் குறிக்கும் என்பது மொழியியலார் அறிந்ததே. அரிசி நாள்தோறும் உலையேறத் தொடங்கியதும் நெல் என்னும் அடை உதிர்ந்தது. சோறு என்றாலே அரிசிச் சோறு என்றாயிற்று. அதன்பின் சிலர் சோறு என்பதையே விட்டுச் சாதம் என்றனர். ஒரு குடும்பத்தின் பொருளியல் ஏற்றத்தை இம்மூன்று சொற்களைக் கொண்டே ஏறத்தாழக் காலவரிசைப்படுத்திவிடலாம்.

ஆங்கிலோ இந்தியர் மேசைக்கு வந்தால் வேறொரு வியப்பு. மிளகுதண்ணி என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்தில் முல்லிகடாணி எனக் கடன் புகுந்ததை யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் அகராதி பதிவு செய்கிறது. கடலைக் கடந்த அச்சொல் இறைச்சியும் மாவும் சேர்ந்து கெட்டியான சூப்பாயிற்று. ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலோ அதே தமிழ்ச்சொல் மொழிபெயர்க்கப்பட்டுப் பெப்பர் வாட்டர் ஆயிற்று. பண்டமும் மாறாமல் புளி, மிளகு, சீரகம், பூண்டோடு சோற்றின்மேல் ஊற்றும் நீராகவே நின்றது. அருகில் வறுத்த இறைச்சி. ஒரே சொல், ஒலியோடு கடன்பெற்றபோது பொருள் மாறியது. பொருளாகக் கடன்பெற்றபோது ஒலி மட்டுமே மாறியது. தங்கவயலில் வளர்ந்து ஆங்கிலோ இந்தியச் சமையல் நூல்கள் பல எழுதிய பிரிட்ஜெட் வைட்-குமாரின் பக்கங்களிலும் பெப்பர் வாட்டர் சிறப்பிடம் பெறுகிறது. இத்தகைய நூலொன்றைத் தமிழாக்குவோர் அதனை இரசம் என எழுதினால் பிழையில்லை. ஆனால் மிளகுதண்ணி என எழுதினால் சொல் தன் வீட்டுக்கே திரும்பும். அவர்களுடைய கைமா உருண்டைக் குழம்பின் பெயரோ தமிழெழுத்தில் பால் கறி என அமைந்து, பாலூற்றிய கறியென மயங்க இடந்தருகிறது. கறி என்பதும் தொல்லை தருவதே: சங்க இலக்கியத்தில் அது மிளகையும் குறித்தது; தங்கவயல் தமிழருக்கு இறைச்சி; ஆங்கிலம் பேசும் அண்டை வீட்டாருக்குக் குழம்பு.

சுரங்கம் மூடியபின் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகச் செல்லும் இரயில்களில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பலாயினர். களி சூட்டோடு உண்ணத்தக்கது, ஆறினால் இறுகிவிடும். டிபன் பெட்டிக்கு ஏற்றது சோறே. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு. இதனால் களி அன்றாட உணவு என்னும் நிலையிலிருந்து விடுமுறை நாள் உணவு என்னும் நிலைக்கு நகர்கிறது. முன்பு நெல்லுச்சோறு பெற்றிருந்த அருமையை இன்று களி பெறுகிறது. பெங்களூரின் மிலிட்டரி ஓட்டல்களில் நண்பகலில் அது கிடைக்கும். அங்குக் கேட்டுப் பெறவேண்டிய பெயர் முத்தெ. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துடுப்பை எடுக்கும்போது அது மீண்டும் களி.