ஜாக்கி போட்டாலும் அடங்காத ஸ்பிரிங்

வீட்டு வாசலில் காரின் ஸ்பிரிங்கைக் கழற்றுவது ஆபத்தாகிப்போனதற்கு, கழற்றுபவரின் அவசரத்தைவிட வண்டியின் அமைப்பு மாறியதே முதற்காரணம். ஒபதையா எலியட் 1804-இல் காப்புரிமை பெற்ற குதிரைவண்டி ஸ்பிரிங் தொடங்கி அம்பாசிடரின் பின்பக்கம் வரை ஆண்டது பட்டை ஸ்பிரிங். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சை ஜாக்கியில் தாங்கி மெல்ல இறக்கினால் அதன் விறைப்பு பெரும்பாலும் தணிந்துவிடும். பிறகு போல்ட்டுகளைக் கழற்றலாம். ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து ஃபோர்டுக்குப் போன ஏர்ல் மெக்ஃபர்சன் 1940களில் வகுத்த ஸ்ட்ரட், அதாவது சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண், இந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டது. 1983-இல் வந்த மாருதி 800-இன் முன்பக்கத்திலும் அதுதான். சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் இரு தட்டுகளுக்கிடையே சுருள் அமுங்கியே இருக்கும். அதை அடக்கி வைத்திருப்பது உச்சியிலுள்ள ஒற்றை நட்டு. பழைய பழக்கத்தில் அதை முதலில் கழற்றினால் மேல்தட்டு முகத்தை நோக்கிப் பாயும்.

சுருளை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரசர் இருக்கும்போது இந்தப் பயம் எதற்கு என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கருவி விசையை அழிப்பதில்லை, இரண்டு மரைத்தண்டுகளின் மேல் ஏற்றிவைக்கிறது. மரை தேய்ந்தாலோ கொக்கி வழுக்கினாலோ அத்தனை விசையும் ஒரே பக்கமாகத் தெறிக்கும். ஆகவே கொக்கிகள் நேரெதிரே உட்கார வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி, கையால், சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். இம்பாக்ட் கன் கூடவே கூடாது. சுருள் தட்டைவிட்டு விலகி, கைக்கு ஆடும்வரை மேல்நட்டைத் தொடக்கூடாது. இதற்குத் துணிவில்லாதவர் ஸ்ட்ரட்டை முழுதாக இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோய், சுருளை மட்டும் அங்கே பிரிக்கச் சொல்லலாம்.