வந்தாரைச் சுமந்த நகரம்

‘வாயிருந்தால் வங்காளம் போகலாம்’ என்பது பழமொழி. முன்பின் அறியாத ஊருக்குச் செல்பவனுக்குக் கைப்பொருளைக் காட்டிலும், வழிகேட்கக் கூசாத நாவே பெருந்துணை என்பது அதன் கருத்து. இப்பழமொழியின் உண்மையை உரைத்துப் பார்க்கச் சென்னை மாநகரைப் போன்ற உரைகல் வேறொன்றைக் காண்பது அரிது.

சென்னையை ‘வந்தாரை வாழவைக்கும் நகரம்’ என்று போற்றுவர். ஆனால், வாழவைப்பதற்கு முன்னரே அந்நகரம் வந்தாரைச் சுமந்திருக்கிறது. தோளிலும், பல்லக்கிலும், கைவண்டியிலும், இரும்புப் பாதையிலும் சுமந்திருக்கிறது. அந்நகரில் புதியவர்கள் வழிதேடிய வரலாற்றை ஆராய்ந்தால், அது வண்டிகளின் வரலாறாக மட்டும் அமையாமல், அவர்களைச் சுமந்த எளிய மனிதர்களின் வரலாறாகவும் அமைவதைக் காணலாம்.

அலைவாயில்

1639-ஆம் ஆண்டில் ஆங்கில வணிகர்கள் பெற்ற மணற்பரப்பில் இயற்கைத் துறைமுகம் ஏதுமில்லை. கப்பல்கள் கரையை நெருங்க இயலாமல் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டன. பயணிகளைக் கரைசேர்க்கும் பொறுப்பு மீனவர்களின் மசூலா படகுகளைச் சார்ந்தது. அப்படகுகளில் ஆணி கிடையாது. பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. ஆணியறைந்த படகு பேரலையின் அடியில் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்து மிதக்கும். ஏட்டுக் கல்வி பெறாத அம்மக்கள் கடலிடமே கற்ற நுண்ணறிவு இது.

படகு கவிழ்ந்தால் காப்பாற்றுவதற்கெனக் கட்டுமரங்கள் உடன் வந்தன. கரையை அடைந்ததும், காலணி நனையாதவாறு பயணிகளைத் தோளில் தூக்கி உலர்ந்த மணலில் இறக்கிவிடுவதும் அப்படகோட்டிகளே. அதன் பின்னர், வசதியுள்ளோரைப் பல்லக்குத் தூக்கிகள் சுமந்தனர். ஆக, அக்காலத்தில் சென்னைக்கு வந்த செல்வர் பலர் அந்நகரின் மண்ணை மிதிப்பதற்கு முன் ஒரு தமிழனின் தோளிலேயே ஏறினர் எனலாம்.

1861-ஆம் ஆண்டில் கடலுக்குள் நீண்ட பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. 1870-களில் துறைமுகப் பணி தொடங்கியது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது. இடையறாத முயற்சிக்குப் பின்னரே கப்பல்கள் கரையை ஒட்டி நிற்கும் நிலை உருவாயிற்று.

இரும்புப் பாதையும் மின்வண்டியும்

இதற்கிடையே நகரின் மற்றொரு வாயில் திறந்தது. 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. 1873-இல் சென்ட்ரல் நிலையமும், 1908-இல் எழும்பூர் நிலையமும் எழுந்தன. அகலப் பாதையில் சேலம், கோயம்புத்தூர் செல்வோர் சென்ட்ரலில் ஏறினர். மீட்டர் பாதையில் தஞ்சை, திருச்சி, மதுரை செல்வோர் எழும்பூரை நாடினர். ஒரு நிலையத்தில் இறங்கியவர் மற்றொன்றில் ஏற வேண்டுமாயின், மூட்டை முடிச்சுகளுடன் இடைத்தொலைவைக் கடந்தாக வேண்டும். அது சிறு தொலைவே. எனினும் அதனை நம்பியே ஜட்கா வண்டிக்காரர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தனர்.

1895-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதலாவது மின்சார டிராம் அதுவே. சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடியது 1905-இல், பினாங்கில் 1906-இல். பின்னாளில் வளர்ச்சியில் முந்திய இவ்விரு நகரங்களும் அன்று சென்னைக்குப் பத்தாண்டுகள் பின்தங்கியிருந்தன என்பது இக்கால இளைஞர்க்கு வியப்பளிக்கும். தண்டவாளத்தை விட்டு டிராம் விலகாது. ஆதலால், வழி தவறுவோமோ என்ற அச்சம் புதியவர்க்குப் பெரிதும் குறைந்தது.

அவ்வண்டிகளின் காலம் 1953 ஏப்ரலில் முடிந்தது. அதற்கு முன்பே, 1931-ஆம் ஆண்டில், கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியிருந்தது. மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி ஆகிய இடங்கள் நகரத்துடன் நெருங்கின. ஏரியாக இருந்த நிலத்தில் எழுந்த தியாகராய நகர், பின்னாளில் வெளிநாட்டுத் தமிழர் புடைவையும் நகையும் வாங்கக் குவியும் கடைவீதியாயிற்று.

கப்பலில் வந்தோர்

மலாயாத் தமிழருக்கும் சென்னைக்கும் உள்ள உறவு கப்பல் உறவு. ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர்க் கங்காணி முறையிலும் இம்மண்ணுக்கு வந்தோரில் பெரும்பகுதியினர் சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்தே கப்பலேறினர். சென்னையை அடுத்த ஆவடியில் அவர்களுக்கெனத் தங்குமுகாம் இருந்தது. அங்கே அவர்கள் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டுக் கப்பலுக்காகக் காத்திருந்தனர். 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளர்களை உதவியுடன் அனுப்புவதைத் தடைசெய்யும் வரை இது நீடித்தது. கிராமத்திலிருந்து கிளம்பிய அவர்களுக்குச் சென்னை ஒரு வாயிற்படி மட்டுமே. அதனைச் சுற்றிப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை.

அவர்களுடைய மக்களும் பெயரர்களும் அதே கடல் வழியாகத் திரும்பினர். ஆனால் விருந்தினராகத் திரும்பினர். 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இக்கடலில் ஓடியது. சிங்கப்பூரிலும், கிள்ளான் துறைமுகத்திலும், பினாங்கிலும் ஏறியோரை நாகையிலும் சென்னையிலும் இறக்கிய பின், 1973-இல் அது ஓய்வு பெற்றது. அடுத்து வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985-ஆம் ஆண்டில் தீ விபத்துக்குள்ளாகிப் பலரைப் பலிகொண்டது. அத்துடன் தமிழர்களின் கப்பற்பயணக் காலமே முடிவுற்றது எனலாம்.

கப்பலில் வந்தோர் கண்ட அடையாளங்களுள் ஒன்று உயர் நீதிமன்றத்தின் கோபுரம். 1977 வரை அதன் உச்சியில் கலங்கரை விளக்கு எரிந்தது. கரையிறங்கிச் சுங்கச் சோதனை முடிந்து வெளியே வந்தால் எதிர்ப்படுவது சார்ச்சு டவுன். பினாங்கிலிருந்து வந்தவர் ஒரு சார்ச்சு டவுனை விட்டு மற்றொரு சார்ச்சு டவுனில் கால் வைத்தார். ஆயினும், பினாங்கு நகர் மூன்றாம் சார்ச்சு மன்னரின் பெயரையும், சென்னைப் பகுதி 1911-ஆம் ஆண்டில் ஐந்தாம் சார்ச்சு மன்னரின் பெயரையும் பெற்றவை. பெயர் ஒன்றாயினும் நெரிசல் ஒன்றன்று. பவளக்காரத் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் தலைச்சுமைக்காரர், மாட்டுவண்டி, மிதிவண்டி, ரிக்‌ஷா அனைத்தும் ஒரே சந்தில் முட்டிமோதக் கண்டவர் திகைத்து நின்றதில் வியப்பில்லை.

மனிதனை மனிதன் இழுத்த காலம்

திகைத்து நின்றவரை நோக்கி முதலில் ஓடி வந்தவர் ரிக்‌ஷாக்காரர். வெறுங்காலுடன், கொளுத்தும் தார்ச்சாலையில், இரு கைகளாலும் வண்டியை இழுத்து ஓடிய அம்மனிதரே அப்பயணிக்கு வழிகாட்டியும் சுமைதூக்கியும் ஆவார். கூலி குறித்து வாய்ச்சண்டை நிகழாத நாள் அரிது. புதியவரிடம் கூடுதலாகக் கேட்டவர்கள் உண்டு. கேட்டதில் பாதியும் தராமல் விரட்டிய பயணிகளும் உண்டு. ஆயினும், இழுத்தவரின் நுரையீரலும் கால்நரம்பும் கொடுத்த விலையை எந்தப் பேரமும் கணக்கிட்டதில்லை.

சிங்கப்பூரில் கைரிக்‌ஷா 1947-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. சென்னையில் அது ஒழிய மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1973-ஆம் ஆண்டில், கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, மனிதனை மனிதன் இழுக்கும் வழக்கத்திற்குத் தமிழக அரசு முற்றுப்புள்ளி வைத்து, இழுத்தவர்களுக்கு மிதிரிக்‌ஷாக்களை வழங்கியது. கல்கத்தா நகரில் 21-ஆம் நூற்றாண்டிலும் கைரிக்‌ஷா தொடர்ந்தமையை எண்ணிப் பார்த்தால், இச்செயலின் பெருமை விளங்கும். மேம்பாலங்களும் மாடமாளிகைகளும் மட்டும் ஒரு நகரின் வளர்ச்சிக்கு அளவுகோல் ஆகா. அந்நகரம் எந்த இழிவைக் கைவிட்டது என்பதும் அளவுகோலே.

பெயரில் வாழும் பழமை

சென்னையில் புதியவரை இடர்ப்படுத்துவது கூட்டம் மட்டுமன்று, பெயர்களும்தாம். சாலையின் பலகையில் ஒரு பெயர் இருக்கும். மக்கள் நாவில் வேறொரு பெயர் வழங்கும். மவுண்ட் ரோடு, பேரறிஞர் அண்ணாவின் மறைவுக்குப் பின் அண்ணா சாலை ஆயிற்று. எனினும் பழைய பெயர் மறையவில்லை. 1973-இல் திறக்கப்பட்ட அண்ணா மேம்பாலத்தை மக்கள் ‘ஜெமினி’ என்றே அழைக்கின்றனர். அப்பெயருக்குரிய படப்பிடிப்பு நிலையம் மறைந்து பல்லாண்டுகளாகியும் பெயர் நிலைத்துவிட்டது. பாரிமுனை என்பதோ 1788-ஆம் ஆண்டில் வணிகம் தொடங்கிய தாமசு பாரி என்னும் வேல்சு நாட்டவரின் நினைவு.

இவற்றினும் சுவையானது ஒரு பாலத்தின் கதை. ஹாமில்டன் பாலம் என்பது மக்கள் நாவில் ‘அம்பட்டன் வாராவதி’ எனத் திரிந்ததாகவும், அதனை உண்மைப் பெயரென்று கருதிய ஆங்கிலேயர் ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று மீண்டும் மொழிபெயர்த்ததாகவும் கூறுவர். ஆகவே, ஏட்டில் உள்ள பெயரை மட்டும் கற்றுச் சென்றவர் அங்கே வழி காண்பது கடினம்; மக்களின் நினைவை அறிந்தவரே விரைந்து சேர்வர்.

1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு அந்நகருக்குப் புதிய அடையாளங்களை அளித்தது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன் முதல் மாநாட்டை நடத்திய பெருமை கோலாலம்பூருக்கு உரியது. மாநாட்டையொட்டி வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், கண்ணகி முதலியோர்க்கு மெரினா கடற்கரைச் சாலையில் சிலைகள் எழுந்தன. அதன்பின், ‘கண்ணகி சிலையில் இறங்குங்கள்’ என்று வழி சொல்லும் நகராயிற்று சென்னை. இலக்கியமே கைகாட்டி மரமாக நிற்கும் நகரங்கள் உலகில் எத்தனை இருக்கும்!

கைமாறும் காசு

1972-ஆம் ஆண்டு பல்லவன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. பின்னர்ப் பிரிந்தும் இணைந்தும், 2001-இல் அது மாநகர் போக்குவரத்துக் கழகமாயிற்று. பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஓடும் ‘29சி’ போன்ற தடங்கள் நகரின் வடக்கையும் தெற்கையும் நாள்தோறும் இணைத்தன.

நெரிசல் மிகுந்த அப்பேருந்தில் புதியவர் ஒருவர் காணும் காட்சி ஒன்றுண்டு. நடத்துநர் தம் இருக்கையில் அமர்ந்திருப்பார். அவரை அணுகவியலாத பயணி தம் காசை அருகில் நிற்பவரிடம் கொடுத்து, போகும் இடத்தைக் கூறுவார். அக்காசு முகமறியாத பலர் கைமாறி நடத்துநரைச் சென்றடையும். சீட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகளின் வழியே திரும்பி வரும். கொடுத்தவர் அஞ்சுவதில்லை, வாங்கியவர் சலிப்பதில்லை. முதன்முறை காண்பவர் தம் காசு போயிற்றென்றே எண்ணுவார். அது வந்து சேரும்போது அவர் கற்கும் பாடம் எந்தப் பாட நூலிலும் இல்லை. நெரிசல் மனிதர்களைக் கடுமையாக்கும் என்பது பொதுக்கருத்து. அந்நெரிசலே நம்பிக்கையையும் வளர்க்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஆட்டோ ரிக்‌ஷா ஓட்டுநர்களைப் பற்றிய முறையீடுகளோ மிகப் பல. அவற்றில் உண்மையும் உண்டு. ஆனால், 2013-இல் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என அரசு வரையறுத்த கட்டணம், எரிபொருள் விலை ஏறிய பின்னரும் அடுத்த பத்தாண்டுகளில் திருத்தப்படவில்லை என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும். பேரம் என்பது பேராசையால் மட்டும் பிறப்பதன்று.

வாயில்கள் மாறின

நகரம் பெருகப் பெருக அதன் வாயில்கள் கடலை விட்டு விலகின. பாரிமுனையில் நின்ற வெளியூர்ப் பேருந்துகள் 2002-ஆம் ஆண்டில் கோயம்பேட்டுக்கு மாறின. தென்மாவட்டப் பேருந்துகளுக்காக 2023 திசம்பரில் கிளாம்பாக்கத்தில் மற்றொரு நிலையம் திறக்கப்பட்டது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டி எழுந்த பறக்கும் இரயில் 1995-இல் ஓடத் தொடங்கியது. 1996-இல் ‘மெட்ராஸ்’ என்ற பெயர் நீங்கி, எல்லா மொழியிலும் சென்னை என்றாயிற்று. 2015-இல் மெட்ரோ இரயில் வந்தது. மறு ஆண்டே அது விமான நிலையத்தை எட்டியது.

கோலாலம்பூரிலிருந்து வானூர்தியில் சென்று இறங்கும் ஒருவர், ஒரு சொல்லும் பேசாமல், குளிரூட்டிய பெட்டியில் அமர்ந்து, கைப்பேசி காட்டும் வழியே தம் விடுதியை அடைந்துவிடலாம். இது வரவேற்கத்தக்க வளர்ச்சியே. தோளில் தூக்குவோரும் இல்லை, கையால் இழுப்போரும் இல்லை. ஆனால், வழிகேட்கும் தேவை மறையும்போது, வழிசொல்லும் மனிதரும் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றார். இழப்பு ஒன்று உண்டெனில் அதுவே.

அந்நகருக்குச் செல்லும் இளைய தலைமுறையினர் ஒன்றை நினைவிற்கொள்ளுதல் நலம். அவர்களுடைய மூதாதையரும் ஒரு காலத்தில் பிறருக்காகச் சுமந்தவர்களே. இம்மண்ணில் காடு திருத்தியவர்களும், பால்மரம் வெட்டியவர்களும், தண்டவாளத்திற்குக் கல் சுமந்தவர்களும் அவர்களே. சுமந்தவரின் வழித்தோன்றல், தம்மைச் சுமப்பவரை ஏவல் குரலில் விளித்தல் தகாது. ‘ஐயா, இந்த இடத்திற்கு எப்படிப் போவது?’ என்று தமிழிற் பணிந்து கேட்பவருக்குச் சென்னை வழி மறுத்ததில்லை. ஒருவர் சொல்லத் தொடங்கினால் நால்வர் கூடித் திருத்துவர். ஐந்தாமவர் உடன் நடந்தே வந்து காட்டுவார்.

வாயிருந்தால் வங்காளம் போகலாம். அவ்வாயில் இன்சொல்லும் இருந்தால், எத்துணைப் பெரிய நகரமும் சொந்த ஊராகும்.