கரிசல் வட்டாரத்தில் செவிலியர் சொல்ல வேண்டியிருந்தவை

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் கோவில்பட்டியை நடுவாகக் கொண்டு, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலை எனப் பரந்து, வடக்கே சாத்தூரையும் தாண்டிச் செல்லும் மானாவாரி நிலப்பரப்பே கரிசல் வட்டாரம் எனப்படுகிறது. மானாவாரி என்பது ஆற்றுப் பாசனம் இன்றி, பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பி நடக்கும் வேளாண்மை. கோடையில் பாளம் பாளமாக வெடித்தும், ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டிச் சக்கரத்தை நகரவிடாமல் பற்றிக்கொண்டும் இருந்த இந்த மண், நல்ல சாலைகள் வரும் வரை, பேறுகாலப் பெண் ஒருத்தி மருத்துவமனை சேர்வாளா என்பதையும் பெருமளவு தீர்மானித்தது. அப்படி மழைக்காலத்தில் துண்டிக்கப்பட்ட ஊர்களில் மருத்துவச்சி, செவிலியர், சுகாதார ஆய்வாளர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஆகியோர் ஒருவர் கையை மற்றவர் நம்பியே வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒருவர் தவறினால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் செவிலியர்மேல் விழுந்தது. வயது, சாதி, பதவி ஆகிய மூன்றும் தடுத்த அந்தச் சொல் எப்போது வெளிவந்தது, எப்போது தொண்டையிலேயே நின்றது என்பது, இவ்வட்டாரத்துத் தாய்மார்களின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய வரலாறு.

சென்னையில் பேறுகால மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. அந்நகரில் 1854-இல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சியும், 1871-இல் அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பள்ளியும் ஏற்பட்டன. 1926-ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம், பயிற்சி பெற்றவர்களின் பெயரைப் பதிவேட்டில் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. இவற்றின் பயன் கரிசல் சிற்றூர்களுக்கு மிக மெதுவாகவே வந்தது. பருத்தி விளையும் இம்மண்ணில் வேளாண் ஆராய்ச்சிக்கென்று 1901-இலேயே கோவில்பட்டியில் பண்ணை அமைத்த அரசு, பயிற்சி பெற்ற பேறுகாலக் கையைச் சிற்றூர் வரை அனுப்ப முறையான ஏற்பாடு செய்ய மேலும் அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946-இல் அறிக்கை அளித்த போர் (Bhore) குழு, அன்றைய இந்தியா முழுவதிலும் பதிவு பெற்ற செவிலியர் சுமார் 7,000 பேரே என்றும், அதாவது ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒருவரே என்றும் கணக்கிட்டது. அந்தச் சிலரும் பெருநகர மருத்துவமனைகளிலும் மிஷன் மருத்துவமனைகளிலும் இருந்தனர். அங்கே அவர்கள் கற்ற ஒழுக்கத்தில் தூய்மை, நேரந்தவறாமை ஆகியவற்றோடு மருத்துவரின் சொல்லுக்குக் கீழ்ப்படிவதும் அடங்கும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1893-இல் இயற்றப்பட்டு, நைட்டிங்கேல் பெயரைத் தாங்கி, விளக்கேற்றும் விழாக்களில் இன்றும் செவிலிய மாணவியர் எடுத்துக்கொள்ளும் உறுதிமொழியின் பழைய வடிவத்திலும் மருத்துவருக்கு விசுவாசமாய் இருப்பது கடமையாக இடம்பெற்றது. சக ஊழியர் தவறினால் அதைச் சுட்டிக்காட்டுவது பற்றி அதில் எதுவும் இல்லை.

1952-க்குப் பின் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றி, செவிலியர் ஊருக்குள் வந்தபோது, அவர் முதலில் எதிர்கொண்ட சக ஊழியர் மருத்துவர் அல்லர், மருத்துவச்சியே. மருத்துவச்சி என்பவர் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைப்பேறு பார்த்துவந்த பெண். பல ஊர்களில் நாவிதர் சமூகத்தைச் சேர்ந்தவர். ஊரார் அவரை ஒருமையில் அழைத்தாலும், வலி கண்ட வீட்டில் அவர் சொல்லே இறுதி. அவரது பட்டறிவு பெரிது: கைத்தடவலிலேயே குழந்தையின் கிடை அறிவார், பயந்த பெண்ணைப் பேசியே தேற்றுவார், வீட்டாரின் பொருள்நிலைக்கேற்ப நெல்லோ கம்போ பெற்றுக்கொண்டு போவார். ஆனால் தொப்புள்கொடியை அறுக்கக் கையில் கிடைத்த அரிவாளையோ பழைய பிளேடையோ எடுப்பதும், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைப்பதும் பரவலாக இருந்த வழக்கங்கள். அவற்றின் வழியே மண்ணில் வாழும் கிருமி உள்ளே புகுந்து, பிறந்த ஒரு வாரம், பத்து நாளில் குழந்தை பால் குடிக்க வாய் திறக்க முடியாமல் விறைத்து இறக்கும் ரணஜன்னி ஏற்பட்டது.

இருபது வயதை ஒட்டிய, வெளியூரிலிருந்து வந்த, பெரும்பாலும் மணமாகாத ஒரு செவிலியர், தன் பாட்டி வயதுள்ள பெண்ணிடம் நகத்தை வெட்டுங்கள், வளையலைக் கழற்றுங்கள், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இந்த அரிவாளைத் தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைவிடக் கடினமான சொல் ஒன்றும் உண்டு: சென்ற மாதம் இறந்த அந்தக் குழந்தை தெய்வக் குற்றத்தாலோ பேய்க் காற்றாலோ போகவில்லை, கொடி அறுத்த கருவியால் போயிற்று என்பது. நாற்பது ஆண்டுகள் பிள்ளை எடுத்த ஒருவரிடம் அதைச் சொல்வது அவர் வாழ்க்கை முழுவதையுமே குற்றக் கூண்டில் ஏற்றுவது போன்றது. சொல்லாமல் விட்டாலோ அடுத்த வீட்டிலும் அதே அரிவாள் எடுக்கப்படும்.

இந்த இக்கட்டைத் தளர்த்தியது தனிப்பட்ட ஒருவரின் துணிவு அன்று, ஓர் ஏற்பாடு. மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிக்கும் முயற்சி ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் வளர்ந்து, 1977-ஆம் ஆண்டின் ஊரக நலத் திட்டத்தில் 30 வேலைநாள் பயிற்சி, அதற்கு உதவித்தொகை, முடிவில் ஒரு பேறுகாலப் பெட்டி என்று உருப்பெற்றது. பயிற்சியின் உயிராக இருந்தவை ஐந்து சுத்தங்கள்: கை, பேறு நடக்கும் இடம், கொடி அறுக்கும் பிளேடு, கொடி கட்டும் நூல், கொடியின் வெட்டுவாய் ஆகியவற்றைத் தூய்மையாக வைப்பது. இந்த ஐந்தும் பாடமாகிவிட்ட பிறகு, செவிலியர் ‘நீங்கள் செய்தது தவறு’ என்று சொல்ல வேண்டியதில்லை. ‘பாட்டி, பெட்டியில புது பிளேடு இருக்கா?’ என்று கேட்டாலே போதும். பழி மனிதர்மேல் விழாமல் பொருளின்மேல் நின்றதால், கேட்டவருக்கும் கேட்கப்பட்டவருக்கும் முகம் கெடவில்லை. தாய்மாருக்குப் போடப்பட்ட ரணஜன்னித் தடுப்பூசியும் உடன் சேர, இந்நோய் படிப்படியாக ஒடுங்கியது. 2015-இல் இந்தியா முழுவதிலும் அது ஒழிப்பு நிலையை எட்டியதாக அறிவிக்கப்பட்டது. இந்த வெற்றியில் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளுக்கு உரிய பங்கு ஏட்டில் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது வருந்தத்தக்கது. மருத்துவமனைப் பேறு பெருகியதும் அவர்கள் நன்றியின்றி ஒதுக்கப்பட்டனர்.

மருத்துவரிடம் பேசுவது வேறு வகை இடர். அமெரிக்க உளமருத்துவர் லியோனார்ட் ஸ்டைன் 1967-இல் எழுதிய ஒரு கட்டுரையில், செவிலியர் தம் யோசனையை அது மருத்துவருக்கே தோன்றியதுபோல் அமைத்துச் சொல்ல வேண்டியிருப்பதை ஒரு விளையாட்டாக விவரித்தார். தென்மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்த விளையாட்டுக்கு உள்ளூர் வடிவம் உண்டு. தாய்க்குக் குருதிப்போக்கு எல்லை மீறுகிறது, உடனே கோவில்பட்டிக்கோ பாளையங்கோட்டைக்கோ அனுப்ப வேண்டும் என்பதைச் செவிலியர் உறுதியாக அறிந்திருந்தாலும், ‘சார், கொஞ்சம் கூடப் போற மாதிரித் தெரியுது, ஒரு தடவை பாத்திருங்க சார்’ என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடும். மரியாதைக்காகக் குழைக்கப்பட்ட இச்சொற்களில் அவசரம் கரைந்துபோகிறது. பேற்றுக்குப் பின்வரும் குருதிப்போக்கில் ஒரு பெண் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துவிடக்கூடும் என்பதை எண்ணினால், இப்படிக் கரைவது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும். பன்னாட்டுச் செவிலியர் பேரவை 1953-இல் வகுத்த நெறிமுறையில் மருத்துவரின் ஆணைகளை விசுவாசத்தோடு நிறைவேற்றும் கடமை இடம்பெற்றிருந்தது. 1973-இல் திருத்தப்பட்டபோது அந்தத் தொடர் நீங்கி, சக ஊழியர் எவராலேனும் நோயாளியின் பராமரிப்புக்கு ஆபத்து நேர்ந்தால் நோயாளியைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுப்பதே செவிலியர் கடமை என்ற விதி அமர்ந்தது. அதே 1973-இல் இந்தியாவில் கர்த்தார் சிங் குழுவின் அறிக்கை, துணை சுகாதார நிலையம்தோறும் பல்நோக்குப் பணியாளராக ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் அமர்த்தப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் அந்தப் பெண் பணியாளரே கிராம சுகாதார செவிலியர் ஆனார். விடியுமுன், ‘தீப்பெட்டி ஆபீஸ்’ எனப்படும் தீப்பெட்டித் தொழிற்சாலையின் வண்டியில் ஏறிப்போகும் கர்ப்பிணிகளைத் தேடிப் பிடித்து இரத்த அழுத்தம் பார்க்கும் பொறுப்பு அவருடையது. அவருக்குப் புதிய கடமைகள் வந்தன. புதிய விதியின் பாதுகாப்பு வரவில்லை.

பாதுகாப்புக்கு ஓரளவு நெருங்கிய ஏற்பாடு, ஒவ்வொரு பேறுகால இறப்பையும் ஆராயும் முறை. தமிழ்நாடு இதை 1994-இல் தொடங்கி, 2004-இல் கட்டாயமாக்கியது. ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். பின்னர் ஒரு குழு வீட்டுக்கே சென்று, உறவினரிடமும் பணியாளரிடமும் நடந்ததை மணிவாரியாகக் கேட்டு எழுதும். உடற்கூறு ஆய்வுக்கு மாற்றாகச் சொல்வழி காரணம் தேடுவதால் இது வாய்மொழி இறப்பாய்வு எனப்படும். மாவட்ட ஆட்சியர் கூட்டும் ஆய்வில் ஆரம்ப சுகாதார நிலையத்தார், மருத்துவமனையார், உறவினர் ஆகியோரின் கூற்றுகள் ஒன்றுக்கொன்று எதிரே வைக்கப்படும். இறப்புக்கு முன் நிகழும் தாமதங்கள் மூன்று என்று தேடியஸ், மெய்ன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1994-இல் பகுத்தனர்: மருத்துவம் நாட முடிவெடுப்பதில், மருத்துவமனையைச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை பெறுவதில். முதலிரண்டையும் பற்றிப் பேசுவது செவிலியருக்கு எளிது. கணவர் மறுத்தார், மண்சாலையில் வண்டி சிக்கியது என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மூன்றாவதைப் பற்றிப் பேசினால், அழைத்தும் மருத்துவர் வரவில்லை, இரத்தம் இருப்பில் இல்லை, நான் இரண்டாம் முறை அழைக்கத் தயங்கினேன் என்று, பக்கத்து நாற்காலியில் இருப்பவரை முன்வைத்தே சொல்ல வேண்டும். தண்டிப்பது நோக்கமன்று என்று விதி கூறினாலும், ஆட்சியர் முன்னிலையில் சொன்ன சொல் நாளை மாறுதல் ஆணையாகத் திரும்பும் என்ற அச்சம் கூட்டத்தை விட்டு எளிதில் அகலவில்லை. ஆயினும், கேட்பதற்கென்று நாளும் படிவமும் ஆளும் இருந்ததால்தான் சொல்லப்படாதிருந்தவை ஏடேறின. தமிழ்நாட்டின் பேறுகால இறப்பு வீதம் 2001–03-இல் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 ஆக இருந்து 2018–20-இல் 54 ஆகக் குறைந்ததற்குச் சாலை, ஆம்புலன்ஸ், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், இரத்த வங்கி எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் எது எங்கே குறைகிறது என்பதை அரசு அறிந்த வழிகளில் இந்த வாக்குமூலங்களும் ஒன்று.

பேசத் தயங்கும் அச்சத்தைப் பணிநிலையும் கூட்டியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பேறு பார்க்க மும்மூன்று செவிலியர் அமர்த்தப்பட்டபோது, அவ்விடங்களில் பெரும்பாலானவை தொகுப்பூதியத்தில் நிரப்பப்பட்டன. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015 முதல் இவ்வகையில் எடுத்த செவிலியர், மாதம் 7,700 ரூபாய்க்குப் பணியாற்றி, நிரந்தரம் கோரி 2017 நவம்பரில் சென்னையில் பெருந்திரளாகப் போராடினர். அப்போராட்டத்தை ஊதியப் போராட்டமாக மட்டும் பதிவு செய்வது குறைபாடு. பணி நிரந்தர ஆணையை எதிர்பார்த்திருக்கும் ஒருவர், நள்ளிரவில் தொலைபேசியில் மருத்துவரை மூன்றாம் முறை எழுப்பி ‘சார், நீங்க இப்பவே வரணும்’ என்று சொல்வதற்கு, நிரந்தரப் பணியாளரைவிடப் பன்மடங்கு துணிய வேண்டியிருக்கிறது. கரிசல் ஊர் ஒன்றின் பேறறையில் அந்த நேரத்தில் விழித்திருக்கும் பயிற்சி பெற்ற ஒரே ஆள் பெரும்பாலும் அவர்தான்.