மலைநாட்டுப் பிள்ளைகளும் சர்வகலாசாலை வாயிலும்



ஹட்டன் நகரிலிருந்து சிவனொளிபாத மலையின் சாரலை நோக்கிச் செல்லும் வளைவுப் பாதைகளுள் ஒன்று நம்மை நோட்டன் பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்குக் கொண்டு சேர்க்கும். கெகல்கமு ஓயா அங்கே அணையிட்டுத் தடுக்கப்பட்டிருக்கின்றது. இம்மலையாறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அவர் கண்ட கனவு 1950ஆம் ஆண்டில் லக்சபான மின்திட்டமாக நிறைவேறியது. அவர் பெயர் தாங்கிய மின்நிலையம் 1965ஆம் ஆண்டு நோட்டன் பிரிட்ஜில் இயங்கத் தொடங்கியது. இம்மலைநீர் தந்த மின்சாரம் கொழும்பு மாநகரின் வீதிகளை ஒளிரச் செய்தது. ஆயினும் அவ்வணையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் லயன் காம்பிராக்களில் அதன்பின்னும் நெடுங்காலம் மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே எரிந்தது.

மின்னொளிக்கு நேர்ந்த இக்கதையே கல்விக்கும் நேர்ந்தது. இந்நாட்டின் சர்வகலாசாலை, மலைநாட்டிலேயே, ஹட்டனிலிருந்து புகைவண்டியில் சில மணி நேரத்திற் சென்றடையக்கூடிய பேராதனையில் அமைந்தது. எனினும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை அதன் வாயிலை அடைவதற்குத் தலைமுறைகள் சென்றன. அதன் காரணங்களையும், இன்று நாம் கற்கவேண்டிய பாடத்தையும் சிறிது ஆராய்வோம்.

தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். அச்சட்டம் கருத்திற் கொண்டது ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளையே. ஒரு நீண்ட மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள்: இதுவே பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் தோற்றம். ஆசிரியர் ஒரு வகுப்புக்கு வாய்பாடு சொல்லிக்கொடுக்கையில் மற்றை வகுப்பினர் சிலேற்றைப் பார்த்து அமர்ந்திருப்பர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடியும். மலையில் கொழுந்து காத்திருக்கும். பத்து வயதிற் கைந்நாட்டு வைக்காமற் கையொப்பமிடத் தெரிந்தாற் போதும் என்பதே அக்கல்வியின் எல்லையாக இருந்தது. பிள்ளைகள் மேலே படித்துவிட்டால் கொழுந்து பறிக்க ஆள் ஏது என்ற கணக்கும் துரைமார் பலர் மனத்தில் இருந்தது.

இவ்வெல்லையைக் கடந்தவர்கள் இல்லாமலில்லை. தோட்டத்துச் சூழலிற் பிறந்த பெரி. சுந்தரம் அவர்கள் கண்டித் திரித்துவக் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் பயின்று, 1931ஆம் ஆண்டில் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, தொழில் அமைச்சராகவும் விளங்கினார். இத்தகையோர் பெரும்பாலும் பட்டணத்துக் கல்லூரியில் பிள்ளையை விடுதியில் வைத்துப் படிப்பிக்க வசதி வாய்ந்த பெரிய கங்காணிமார் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கூடை சுமந்தவள் பிள்ளைக்கு அவ்வழி திறந்திருக்கவில்லை.

1942ஆம் ஆண்டு இலங்கைச் சர்வகலாசாலை நிறுவப்பெற்றது. 1945ஆம் ஆண்டு கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கட்டணமில்லை என்ற அறிவிப்பு, நாட்டின் கிராமந்தோறும் புதிய நம்பிக்கையை விதைத்தது. 1952ஆம் ஆண்டு பேராதனை வளாகம் இயங்கத் தொடங்கியபொழுது, அதுவரை உயர்கல்வியைக் கனவிலும் காணாத கமக்காரரின் பிள்ளைகள் அதன் மண்டபங்களிற் குடிபுகுந்தனர். உலக நாடுகள் பல இதனை வியந்து நோக்கின.

ஆனால் அந்த மாற்றம் தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கமே நடத்துவதற்கு வழிசெய்யும் சட்டம் 1947ஆம் ஆண்டில் இயற்றப்பட்டும், அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. வாக்கு இழந்த மக்களுக்காகப் பாடசாலை கேட்கும் குரல் சபையிற் குன்றியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபொழுதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமோ, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் தீர்மானித்தது. நாளை எந்த நாட்டில் இருப்போம் என்று அறியாத தந்தை, மகனை எந்தச் சோதனைக்கு ஆயத்தஞ் செய்வான்? அன்றியும், அரசாங்க உத்தியோகத்துக்குக் குடியுரிமை வேண்டப்பட்டமையால், முயன்று கற்றுத் தேறிய இளைஞனும் தன் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்க ஆசிரியனாகத் திரும்பி வருவது அரிதாயிற்று. இவ்வாறு ஒரு தலைமுறை கற்றது அடுத்த தலைமுறைக்கு ஏணியாகாமற் போயிற்று.

சர்வகலாசாலை அநுமதி முறையில் 1970களில் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1974ஆம் ஆண்டில் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து மாணவர்க்கு அது பேரிடியாய் அமைந்ததையும், அதன் கசப்பு நாட்டின் வரலாற்றையே மாற்றியதையும் யாவரும் அறிவர். பின்தங்கிய மாவட்டம் எனக் கொள்ளப்பட்ட நுவரெலியாவுக்கோ அது ஒரு வழியைத் திறந்தது. பின்னர் அம்முறை திருத்தப்பட்டு, திறமை அடிப்படையில் நூற்றுக்கு 40 இடங்கள், மாவட்டச் சனத்தொகை அடிப்படையில் 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 என வகுக்கப்பட்டது.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ஒதுக்கீடு மாவட்டத்துக்கே உரியது, தோட்டத்துக்கு உரியதன்று. நுவரெலியா மாவட்டத்திற்குரிய மருத்துவ, பொறியியல் இடங்களைப் பெறவேண்டுமாயின், முதலிற் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இருத்தல் வேண்டும். ஆய்வுகூடமும் பௌதிகவியல், கணித ஆசிரியர்களும் உள்ள பாடசாலைகள் நகரங்களையே சார்ந்திருந்தன. தோட்டத்தை அண்டிய பாடசாலைகள் உயர்தரம் வரை வளர்ந்தபொழுது அவற்றிற் பெரும்பாலும் கலைப்பிரிவே அமைந்தது. கலைப்பிரிவு அநுமதியோ நாடளாவிய திறமை வரிசைப்படி நடப்பது. ஆகவே, உதவி வேண்டி நிற்கும் பிள்ளைக்கே அவ்வுதவி எட்டாமற் போகும் விந்தையைக் காண்கின்றோம்.

உண்மையான திருப்பம் கீழிருந்தே வந்தது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் தேசியமயமாக்கப்பட்டன. 1977ஆம் ஆண்டு முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. 1980களிற் சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. பத்தனையில் ஜெர்மனிய உதவியுடன் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, மலைநாட்டு இளைஞர்களையே மலைநாட்டுப் பாடசாலைகளுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர்களாக்கியது. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் பிரச்சினையைத் தீர்த்தன. லயத்திற் பிறந்த ஆசிரியை வகுப்பறையில் நின்றபொழுதுதான், "நானும் இவ்வாறு ஆகலாம்" என்ற எண்ணம் முன்வரிசைப் பிள்ளையின் நெஞ்சில் முளைத்தது. இன்று இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மலைநாட்டுப் பேராசிரியர்களும் விரிவுரையாளர்களும் இருக்கின்றனர். ஆயினும் இச்சமூகத்தின் தொகைக்கு ஏற்ற அளவில் அதன் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இன்னும் இல்லை.

அநுமதிக் கடிதம் வந்தவுடன் துன்பம் தீர்ந்ததென்று எண்ணுதல் பிழை. கல்விக்குக் கட்டணமில்லை என்பது மெய்யே; விடுதிக்குச் செல்லும் பிள்ளைக்குப் பெட்டி வேண்டும், போர்வை வேண்டும், முதல் மாதச் சாப்பாட்டுக்குப் பணம் வேண்டும். தாயின் நாட்கூலியில் அது அடங்காது. 1981ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மகாபொல நிதியம் வறிய மாணவர் பல்லாயிரவருக்குக் கைகொடுத்துள்ளது. எனினும் முதற்கொடுப்பனவு கைக்கு வரும்வரை கடன்பட்டே காலங்கழிக்கும் வீடுகள் பல. தமிழிற் பயின்று வந்த பிள்ளை ஆங்கில விரிவுரையை முதன்முதற் கேட்கும்பொழுது திகைக்கின்றது. எந்த விண்ணப்பத்தை எந்த நாளுக்குள் அனுப்பவேண்டும் என்று சொல்லித்தர வீட்டில் ஒருவருமில்லை. இவ்விடத்தில் முன்னே சென்ற மாணவரின் துணை பெரிது. விடுமுறையில் ஊர் திரும்பும் பட்டதாரி மாணவர்கள் கோவில் மண்டபத்திலும் வாசிகசாலையிலும் பிள்ளைகளைக் கூட்டி வகுப்பு நடத்தும் வழக்கம் மலைநாட்டில் நெடுநாளாக உண்டு. அரசாங்க அறிக்கை எதிலும் இடம்பெறாத இத்தொண்டு, பல பிள்ளைகளைக் கரைசேர்த்திருக்கின்றது.

இவ்வரலாறு உணர்த்துவது இதுவே: வாயிலைத் திறந்துவைத்தல் ஒன்று, வாயில்வரை வழி அமைத்தல் மற்றொன்று. 1945ஆம் ஆண்டிலே வாயில் திறந்தது. வழியோ, குடியுரிமை, ஆசிரியர், ஆய்வுகூடம், கைச்செலவுப் பணம் என்று ஒவ்வொரு கல்லாகப் பின்னரே இடப்பட்டது. இன்னும் இடப்பட வேண்டிய கற்கள் உள. பல்வேறு குடிகளின் பிள்ளைகளும் தன்னிடம் வரவேண்டும் என்று விரும்பும் பல்கலைக்கழகம், அநுமதி நாளுக்குப் பல ஆண்டுகள் முன்பே அப்பிள்ளைகளின் பாடசாலையை நாடிச் செல்லுதல் வேண்டும்; அநுமதித்த பின்னரும் அவர்களைக் கைவிடலாகாது.

நோட்டன் பிரிட்ஜின் நீர் இன்றும் மலையிறங்கிக் களனி கங்கையாகிக் கொழும்புக்குச் செல்கின்றது. அதன் கரையிலுள்ள தோட்டமொன்றில் இன்றிரவு ஒரு சிறுமி மின்விளக்கின் கீழ்க் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அவ்விளக்கு அவள் வீட்டை அடையப் பல பத்தாண்டுகள் சென்றன. அவள் பேராதனையை அடைவதற்கும் அத்துணைக் காலம் காத்திருக்கும்படி நாம் விடலாகாது.