அரிப்புக் களிம்பின் கதை

தோல் அரிச்சா மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் வாங்கித் தேய்க்கிறோமே, அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

1948ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாத நோயாளிக்கு ஊசியாப் போட்ட கார்ட்டிசோன் அதிசயம் பண்ணிச்சு. 1950ல் அதுக்கு நோபல் பரிசும் கிடைச்சது. சரி, அதையே எக்ஸிமா மேல தடவினா? ஒண்ணும் நடக்கலை! கார்ட்டிசோனை வேலை செய்யும் ஹைட்ரோகார்ட்டிசோனா மாத்துறது முக்கியமா கல்லீரல். தோலில் அந்த மாற்றம் போதுமான அளவு நடக்காது. 1952ல் சல்ஸ்பெர்கர், விட்டன்னு ரெண்டு டாக்டர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனையே களிம்பாத் தடவிப் பார்த்தாங்க. அரிப்பு அடங்கிச்சு.

அப்புறம் அதைவிட வீரியமான ஸ்டீராய்டுகள் வந்தன. நம்ம நாட்டில் சிவப்பழகுக்குன்னு அதை மாசக்கணக்கில் முகத்தில் பூசி, தோல் மெலிஞ்சு எரிச்சலோட அலையறவங்க நிறைய. 2018ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. மருந்து நல்லதுதாங்க. எது, எங்கே, எத்தனை நாள்ங்கறதை மட்டும் தோல் டாக்டர்கிட்ட கேளுங்க, கடைக்காரர்கிட்ட வேணாம்.