கரி அடுப்பும் கேஸ் கிரில்லும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மாலை ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஜி.என்.டி. சாலையோரம் இரண்டு விதமாகக் கோழி வேகிறது. தாபாக்களில் தந்தூரி அடுப்புக் கரியில். கிரில் சிக்கன் கடைகளில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னே, கேஸ் பர்னர் முன்னால் சுழலும் கம்பியில். நம் மக்களுக்குப் பயம் கேஸ் மேல்தான். கரி என்ன செய்துவிடும் என்பார்கள். அந்தப் பயம் பாதிதான் சரி. கேஸின் ஆபத்து அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. கரியின் ஆபத்து சமையல் முடிந்த பிறகு வருகிறது.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். பூட்டிய கடையில் கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படிந்து, மேசைக்கு அடியிலும் சாக்கடைப் பள்ளத்திலும் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். ஷட்டரைத் தூக்கியதும் லைட் சுவிட்சைத் தட்டுகிற வழக்கம் அதனால்தான் கூடாது. எல்.பி.ஜி.க்குச் சொந்த வாசனை கிடையாது; கசிவு தெரியட்டும் என்றே மெர்காப்டான் சேர்க்கிறார்கள். மூக்கில் அது பட்டால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், சிலிண்டரை மூடி, கதவைத் திறந்து வைத்து வெளியே வந்து 1906-க்கு அழைக்க வேண்டும்.

வீட்டு அடுப்பில் பழகிய கை கடையில் ஏமாறுவது அழுத்தத்தில். 19 கிலோ சிலிண்டரில் ஹை பிரஷர் ரெகுலேட்டர் மாட்டினால், அதே அளவு விரிசலில் வீட்டைவிடப் பல மடங்கு கேஸ் வெளியேறும். எலி கடித்த டியூபும் தளர்ந்த கிளிப்பும் இங்கே சின்ன விஷயமில்லை. சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. குமிழி வந்தால் அன்று கிரில் வேண்டாம். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பற்றவைப்பதிலும் வரிசை முக்கியம். கண்ணாடிக் கதவை முதலில் திறக்க வேண்டும், பிறகு நெருப்பைக் காட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் திருகைத் திறக்க வேண்டும். திருகைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடினால் பெட்டிக்குள் கேஸ் நிரம்பி, பற்றும்போது முகத்தில் அடிக்கும். நெடுஞ்சாலைக் கடைக்கு இன்னொரு தொல்லை, லாரிக் காற்று. வாடிக்கையாளர் பார்க்கட்டும் என்று கிரில்லைச் சாலையைப் பார்த்து நிறுத்துகிறார்கள். கண்டெய்னர் லாரி கடக்கும் வீச்சில் ஒரு பர்னர் அணைந்துவிடும். பக்கத்து பர்னர்கள் எரிவதால் கண்ணுக்குத் தெரியாது, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். தீ அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் கருவியுள்ள இயந்திரத்தை வாங்குவது நல்லது. இல்லையென்றால் சாலைக்குப் பக்கவாட்டாகத் திருப்பி, தகரத் தடுப்பாவது வைக்க வேண்டும்.

கூட்ட நேரத்தில் கேஸ் வேகமாக இழுக்கப்படும்போது சிலிண்டர் குளிர்ந்து, வெளியே பனி பூத்து, தீ மங்கும். உடனே படுக்க வைத்து உருட்டுவார்கள். படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே டியூபுக்குள் வரும். பர்னரில் தீ ஆளுயரம் எழும். நிமிர்த்தி வைத்து, இரண்டாவது சிலிண்டரை முறையாக இணைப்பதுதான் வழி. கோழிக் கொழுப்பு சொட்டும் தட்டையும் தினமும் வழித்தெடுக்க வேண்டும். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கேஸை மூடி, தட்டை மூடியால் அமுக்க வேண்டும்.

கரியில் இந்தக் கவலைகள் இல்லை. திருகில்லை, டியூபில்லை, எரிவது கண்ணெதிரே. கொழுப்பு சொட்டினால் தீ எழும், இறைச்சியை நகர்த்தினால் அடங்கும். ஆனால் புகையெல்லாம் போய்ச் சாம்பல் பூத்த கங்கு, அடங்கிவிட்டது போலத் தோன்றும் அந்த நேரத்திலும் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, மெர்காப்டான் கலந்து எச்சரிக்கவும் ஆளில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், பார்பிக்யூ அடுப்பு இருந்த அறையில் தூங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர் எழுந்திருக்கவில்லை. இங்கே மலைக்குளிர் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஆலைகளைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நெருக்கிப் படுக்கிறார்கள். கரி அடுப்பு உள்ளே இருக்கும்போது கொசுவுக்காகவோ மழைக்காகவோ ஜன்னலைச் சாத்தினால் போதும். அறை வாடகைக்கு விடுகிறவர்கள், கரி அடுப்பை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பதை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டலாம்.

கடை மூடும்போது கேஸ்காரர் சிலிண்டரை முதலில் மூடி, டியூபில் மிச்சமிருப்பது எரிந்து தீர்ந்ததும் பர்னர் திருகை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கரிக்காரருக்கு வேலை அதோடு முடியாது. சாம்பலுக்கடியில் கங்கு மறுநாள் வரை உயிரோடிருக்கும். அதைச் சாக்கில் கட்டிக் குப்பைமேட்டில் போடாமல், மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டுத் திறந்த வெளியில் வைத்துவிட்டு, மறுநாள் மாலை தொட்டுப் பார்த்துக் கொட்ட வேண்டும்.